ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும்: நியூயார்க்கில் மேத்யூ பிரேடியின் உருவப்படத் தொழில்

ஆய்வுச் சுருக்கம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் மேத்யூ பிரேடி நடத்திய உருவப்பட நிலையத்தைக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறாக அன்றி, ஒரு தொழிலகத்தின் நடைமுறையாக இக்கட்டுரை அணுகுகிறது. ‘பிரேடி எடுத்த படம்’ என்னும் தொடர் உண்மையில் எதைச் சுட்டுகிறது, அந்தப் பெயர் எவ்வாறு ஒரு வணிகச் சொத்தாயிற்று, முகம் காட்டப் பணம் கொடுப்போருக்காக உருவான ஒரு கூடத்தில் 1862ஆம் ஆண்டு போர்க்களப் பிணங்களின் படங்கள் வைக்கப்பட்டபோது அந்த வணிகத்தின் அடிப்படைக்கு என்ன நேர்ந்தது என்பவை இங்கு ஆராயப்படுகின்றன. தமிழ் இலக்கணம் கூறும் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்னும் பாகுபாடு திறனாய்வுக் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உருவப்படம், டாகரியோடைப், ஈரத்தகடு, விசித் அட்டை, மேத்யூ பிரேடி, அலெக்சாண்டர் கார்டனர், ஆக்கியோன் பெயர்.

முன்னுரை

மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்கும்போது கருத்தாவை இருவகையாகப் பிரித்துக் காட்டுவது நம் இலக்கண மரபு. ‘அரசனால் கோயில் கட்டப்பட்டது’ என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. ‘தச்சனால் கோயில் கட்டப்பட்டது’ என்பதில் தச்சன் இயற்றுதற் கருத்தா. உருபு ஒன்றே, செயல் இரண்டு. ஒரே ‘ஆல்’ இருவரையும் தாங்குவதால்தான் பாகுபாடு செய்து காட்ட வேண்டியதாயிற்று. தொகை நூல்களின் இறுதிக் குறிப்புகளும் இந்த நுட்பத்தைப் பேணுகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இருவர் பெயரும் நமக்குக் கிடைத்திருப்பது, இருவர் செய்ததும் ஒன்றன்று என்பதை யாரோ ஒருவர் பொருட்படுத்தி எழுதிவைத்ததனால்தான்.

ஒளிப்பட வரலாற்றில் இத்தகைய இறுதிக் குறிப்பு அரிது. 19ஆம் நூற்றாண்டுப் பெருநகர நிலையங்களிலிருந்து வெளிவந்த பல்லாயிரம் படங்களின்மேல் நிலைய உரிமையாளரின் பெயர் ஒன்றே நிற்கிறது. அப்பெயரை ஓவியத்தின் அடியில் உள்ள கையொப்பம்போல் வாசிப்பது பிற்காலத் திறனாய்வின் வழக்கம். இவ்வழக்கம் பெரும் பிழைக்கு இட்டுச்செல்லும் இடமாக அமெரிக்க ஒளிப்படக்காரர் மேத்யூ பிரேடியின் நிலையத்தைக் கூறலாம். ஜேம்ஸ் ஹொரான் 1955ஆம் ஆண்டு எழுதிய வாழ்க்கை வரலாறு பிரேடியை ‘ஒளிப்படக் கருவியேந்திய வரலாற்றாசிரியர்’ எனத் தலைப்பிலேயே முடிசூட்டியது. ஆலன் டிராக்டன்பெர்க் (1989), மேரி பான்சர் (1997) ஆகியோரின் ஆய்வுகள் அந்தப் படிமத்தைப் பெரிதும் திருத்தின. எனினும் பள்ளிப் பாடங்களிலும் பொது நூல்களிலும் ஹொரானின் பிரேடியே இன்றும் உலவுகிறார். கண்பார்வை குன்றியிருந்த, நீலக் கண்ணாடி அணிந்த, 1850களிலிருந்து கருவியை அரிதாகவே இயக்கிய ஒருவர் எப்படி ஒரு நாட்டின் கண்ணாகப் போற்றப்பட்டார் என்ற கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம்.

பேழையிலிருந்து தொடங்கிய தொழில்

1839ஆம் ஆண்டு பாரிஸில் டாகேரின் முறை வெளியிடப்பட்ட சில மாதங்களுக்குள்ளாகவே அது நியூயார்க்கை அடைந்தது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் துலக்கி, அயோடின் ஆவியில் காட்டி, கருவியில் பதித்து, பாதரச ஆவியில் உருவை வெளிக்கொணர்ந்து, பொற்கரைசலால் நிலைப்படுத்துவது இம்முறை. கிடைக்கும் படம் ஒன்றே. அதற்குப் படி கிடையாது. தொட்டால் அழியும் என்பதால் கண்ணாடியிட்டுப் பேழைக்குள் வைத்தே தர வேண்டும். பிரேடி இத்தொழிலுக்குள் நுழைந்தது அந்தப் பேழை வழியாக என்பது கவனிக்கத்தக்கது. அணிகலன்களுக்கும் டாகரியோடைப் படங்களுக்கும் தோல் பொதிந்த பேழைகள் செய்து விற்றவர் அவர். 1844இல் பிராட்வேயும் ஃபுல்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் தம் நிலையத்தைத் தொடங்கினார். பேழையின் உட்புற வெல்வெட்டில் நிலையத்தின் பெயரை அழுத்திப் பதிக்கும் வழக்கத்தை இந்தப் பின்னணியில்தான் காண வேண்டும். தகட்டில் வாடிக்கையாளரின் முகம். எதிர்ப்பக்க வெல்வெட்டில் நிலையத்தாரின் பெயர். திறக்குந்தோறும் இரண்டும் எதிரெதிரே.

இடத்தேர்வும் தற்செயலன்று. பார்னமின் அமெரிக்க அருங்காட்சியகம் அருகிலேயே இருந்தது. வியப்புக் காட்சிகளைக் காண நாள்தோறும் கூட்டம் திரளும் இடம் அது. பிரேடியும் தம் கூடத்தைக் கட்டணமின்றித் திறந்து வைத்தார். படமெடுத்துக்கொள்ளும் எண்ணமின்றி வந்தவர்கூடச் சுவர்களில் வரிசையாகத் தொங்கிய அரசியலாரையும் நடிகரையும் படைத்தலைவரையும் கண்டு திரும்பலாம். இத்தகைய கூடங்கள் அக்காலப் பார்வையாளரிடம் எழுப்பிய உணர்வை வால்ட் விட்மன் 1846இல், பிரேடியின் போட்டியாளரான பிளம்பின் கூடத்தைப் பற்றி எழுதியபோது பதிவு செய்தார்: எங்கு நோக்கினும் முகங்கள், ஆனால் பேச்சில்லை. வணிக நோக்கில் சொன்னால், அந்தப் பேசாத முகங்களே விளம்பரம். புகழ்பெற்றோரிடம் பணம் பெறாமல் படமெடுப்பது நிலையத்திற்கு இழப்பாகாது. கிளேயும் வெப்ஸ்டரும் அமர்ந்த அதே நாற்காலியில் தானும் அமரலாம் என்ற எண்ணமே பெயரறியா வணிகரையும் அவர் மனைவியையும் மாடிப்படி ஏறவைத்தது.

மாடிப்படி என்பது உவமையன்று. மேற்கூரைக் கண்ணாடி வழியாக வரும் வானொளியே விளக்கு. ஆதலால் நிலையங்கள் கட்டடங்களின் உச்சித் தளத்தில் அமைந்தன. வரவேற்புக் கூடம் கீழே, படமெடுக்கும் அறை மேலே. மெத்தென்ற கம்பளம், பொற்சட்டம், ஆளுயரக் கண்ணாடி ஆகியவை கீழே. தலை அசையாதிருக்கப் பின்னாலிருந்து பிடிக்கும் இரும்புக் கவை மேலே. பாதரச ஆவி நிறைந்த அறையோ வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில்.

ஒரு தகடு, பல கைகள்

பெருநகர நிலையம் ஒன்றில் ஒரு படம் எத்தனை கைகள் மாறியது என்பதை வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. வாடிக்கையாளரை வரவேற்று விலை பேசுபவர் ஒருவர். தகட்டைத் தோலிட்டுத் துலக்குபவர் ஒருவர். ஆவியில் காட்டி ஒளியுணர்வு ஏற்றுபவர் ஒருவர். அமரவைத்துக் கருவியை இயக்குபவர் ஒருவர். பாதரசத்தின்மேல் பிடித்து உருவெடுப்பவர் ஒருவர். பொன்னூட்டி, வண்ணப்பொடி தொட்டு, சட்டமிட்டுப் பேழையில் பொருத்துபவர் வேறொருவர். இந்த அடுக்கில் பிரேடியின் இடம் முதற்படி. வந்தவரை வரவேற்பதும், அவர் எப்படி அமர வேண்டும் என்று கருத்துச் சொல்வதும், யாரை அழைக்கலாம் என்று முடிவெடுப்பதும் அவருடையவை. இயக்குநர் எனப்பட்ட கருவியாளர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்.

இக்கூலிமுறை அக்காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை, ஆக்கியோன் பற்றிய கவலை நம் காலத்தது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் முழுவதும் சரியன்று. பாஸ்டன் நகரில் சவுத்வொர்த்தும் ஹாஸும் இணைந்து நடத்திய நிலையம், தாங்கள் கூலி இயக்குநர்களை வைத்துக்கொள்வதில்லை, பங்காளிகளே நேரில் கவனிக்கிறோம் என்பதையே தன் விளம்பரத்தின் முதன்மைச் செய்தியாக்கியது. வாடிக்கையாளருக்கு வேறுபாடு தெரியாதிருந்தால் அந்த விளம்பரத்திற்குப் பொருளில்லை. பாரிஸில் நாடார் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஃபெலிக்ஸ் தூர்னஷோன், அப்பெயரைத் தம் தம்பி அத்ரியேன் தொழிலுக்குப் பயன்படுத்தியதை எதிர்த்து வழக்காடி 1857இல் வென்றார். ஒளிப்படத்தின் கோட்பாட்டை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம், ஒளியை உணரும் ஆற்றலைக் கற்பிக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பெயர் கண்ணுக்குரியது என்றார் நாடார். பெயர் கைக்குரியது என்றனர் பாஸ்டன் பங்காளிகள். பிரேடி இவ்விரண்டையும் சொல்லவில்லை. அவருக்குப் பெயர் கூடத்துக்குரியது. மூன்றும் ஒரே காலத்து நிலைப்பாடுகள். ஆகவே பிரேடியின் முறையைக் ‘காலத்தின் இயல்பு’ என்று கூறிக் கடந்துவிட இயலாது. அது அவர் தெரிந்தெடுத்த வணிக முறை.

அதன் வலிமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1851ஆம் ஆண்டு லண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் அமெரிக்க டாகரியோடைப் படங்கள் பரிசுகளைக் குவித்தபோது, பிரேடி நிலையத்தின் உருவப்படங்களும் பதக்கம் பெற்றன. ஒரு கூடத்தின் பணியாளர் அனைவரும் ஒரே தரத்தில், ஒரே பாங்கில் வேலைசெய்யப் பயிற்றுவது எளிதன்று. எளிய பின்புலம், பக்கவாட்டில் இறங்கும் ஒளி, சற்றே விலகிய பார்வை என்ற அந்தப் பாங்கைப் பிரேடியின் ஆக்கம் என்று சொல்வதில் தவறில்லை. சொல்லக்கூடாதது, அவர் கை என்பது மட்டுமே.

‘புகழ்சால் அமெரிக்கர்’ தொகுதியும் அதன் இழப்பும்

1850இல் பிரேடி ‘புகழ்சால் அமெரிக்கர் காட்சிக்கூடம்’ என்ற பெருந்தொகுதியை வெளியிட்டார். டாகரியோடைப் படங்களைப் பார்த்துக் கல்லச்சில் வரைந்தவர் பிரான்சிஸ் டாவின்யோன். வாழ்க்கைக் குறிப்புகளை எழுதியவர் சார்லஸ் எட்வர்ட்ஸ் லெஸ்டர். 24 பேரின் படங்கள் திட்டமிடப்பட்டன. 12 பேரோடு நின்றுபோயிற்று. அடிமைமுறையை நியாயப்படுத்திய கால்ஹூனும், ஒன்றியத்தின் பேச்சாளரான வெப்ஸ்டரும், பறவையோவியர் ஆடுபனும் ஒரே சட்டத்துள் வைக்கப்பட்டிருந்தனர். நாடு பிளவை நோக்கிச் சென்ற ஆண்டில் இத்தொகுதி ஒற்றுமையைக் கற்பனை செய்தது என்ற டிராக்டன்பெர்க்கின் வாசிப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் அவர் வாசிப்பில் வணிகம் சற்றே மங்கிவிடுகிறது. படியெடுக்க முடியாத ஒரு பொருளை வைத்துப் பலருக்கு விற்கும் தொழிலைச் செய்ய முயன்றதே இத்தொகுதியின் உண்மையான இடர்ப்பாடு. தகட்டிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து தாளுக்கு என்று ஒவ்வொரு படியிலும் இன்னொரு கைவினைஞருக்குக் கூலி தேவைப்பட்டது. பிரேடி இதில் பொருளிழந்தார். தொழில்நுட்பம் அவருடைய வணிகக் கனவுக்குச் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தது.

ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட கொலோடியன் ஈரத்தகட்டு முறை அந்த இடைவெளியை நிரப்பியது. கண்ணாடி நெகடிவிலிருந்து எத்தனை தாட்படிகளும் எடுக்கலாம். இதில் வல்லவரான ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கார்டனர் 1856இல் பிரேடியிடம் சேர்ந்தார். கணக்குவழக்கிலும் தேர்ந்தவர், பின்னர் வாஷிங்டன் கிளையை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் வருகையை ஒட்டி ‘இம்பீரியல்’ என்ற பெரிய தாட்படங்கள் நிலையத்தின் சிறப்புப் பண்டமாயின. ஏறத்தாழ 17க்கு 20 அங்குலம் அளவுள்ள இவற்றின் விலை 50 டாலரிலிருந்து 750 டாலர் வரை. மலிவு நிலையங்களில் 25 சென்ட்டுக்குப் படம் கிடைத்த காலம் அது. இத்தனை அகன்ற விலைவேறுபாட்டிற்குக் காரணம் ஒளிப்படம் அன்று. அதன்மேல் மையாலும் வண்ணத்தாலும் ஓவியர் செய்த மெருகு வேலை. அதாவது விலையை நிர்ணயித்ததும் பெயரில்லாத இன்னொரு கையே. நியூயார்க் ஹெரால்டு நாளிதழில் 1856இல் பிரேடி கொடுத்த விளம்பரம், பக்கத்தின் பிற எழுத்துகளினின்று வேறுபட்ட எழுத்துருவில் அச்சானது. இவ்வகையில் அதுவே முதலாவது என்று விளம்பர வரலாறுகள் சில கூறும். முதன்மைப் பட்டத்தில் எனக்கு ஆர்வமில்லை. பெயரைத் தனித்துக் காட்டும் கலையில் அவர் தேர்ந்திருந்தார் என்பதற்கு அது சான்று.

நெகடிவும் அஞ்சல்தலை போன்ற ஓர் ஒட்டும்

1860 பிப்ரவரி 27 அன்று ஆபிரகாம் லிங்கன் நியூயார்க்கில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் உரையாற்ற வந்தார். அன்றே பிரேடியின் நிலையத்தில் அவர் படம் எடுக்கப்பட்டது. நீண்ட கழுத்தை மறைக்கச் சட்டைக் கழுத்துப்பட்டியை மேலே இழுத்துவிடச் சொன்னதாகவும், கழுத்தைக் குறைக்கப் பார்க்கிறீர்கள் என்று லிங்கன் சிரித்ததாகவும் ஒரு செய்தி உண்டு. அவ்வாண்டு அவர் வேட்பாளரானபின் இப்படம் மரச்செதுக்காகவும் கல்லச்சாகவும் நாடெங்கும் பரவியது. தம்மைக் குடியரசுத் தலைவராக்கியவை பிரேடியின் படமும் கூப்பர் யூனியன் உரையும்தாம் என்று லிங்கன் பின்னர் கூறினார் என்பர். ஆய்வாளர் இங்குச் சற்று நிதானிக்க வேண்டும். இக்கூற்று பிரேடியின் வாய்மொழியாகவே நமக்கு வருகிறது. அவர் 1891இல், வறுமையில் இருந்தபோது, டவுன்சென்ட் என்ற இதழாளருக்கு அளித்த நேர்காணல் இத்தகைய நினைவுகள் நிறைந்தது. அதைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தம் பெயரையே முதலாகக் கொண்ட ஒரு வணிகரின் சாட்சியம் என்ற நினைவோடு அதைப் பயன்படுத்த வேண்டும்.

பாரிஸில் திஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற விசித் அட்டை, பத்தாண்டு முடிவதற்குள் நியூயார்க் சந்தைக்கு வந்துவிட்டது. பல வில்லைகள் கொண்ட கருவியால் ஒரே தகட்டில் பல உருவங்களைப் பதித்து, அச்சிட்டு, வெட்டி, உள்ளங்கையளவு அட்டையில் ஒட்டுவது இதன் முறை. இது வந்தபின் வணிகத்தின் தன்மை மாறியது. இம்பீரியல் படம் ஒரு செல்வரின் வரவேற்பறைக்கு உரியது. விசித் அட்டை எவர் வீட்டுத் தொகுப்பேட்டிலும் செருகக்கூடியது. புகழ்பெற்றோர் அட்டைகளை அச்சிட்டுப் பரப்பும் பணியை ஒளிப்படப் பொருள் வணிகரான அந்தோனி நிறுவனத்திடம் பிரேடி ஒப்படைத்தார். முகம் அரசியலாருடையது, நெகடிவ் பிரேடியுடையது, அச்சும் விற்பனையும் அந்தோனியுடையவை. கடனாக வேதிப்பொருள் வாங்கியதும் அதே அந்தோனியிடம்தான். பின்னாளில் நெகடிவ் தொகுதி ஒன்று கடனுக்கு ஈடாக அந்நிறுவனத்திடமே சென்றது. கண்ணாடித் தகடு முகத்தின் பதிவு மட்டுமன்று, அடகு வைக்கத்தக்க சொத்துமாகும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

சிறு குறிப்பு ஒன்று. இத்துறையில் புதிதாக நுழையும் ஆய்வாளருக்குப் பயன்படலாம். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை ஒளிப்படங்களுக்கு வரி விதித்தது. 25 சென்ட் வரையுள்ள படத்திற்கு 2 சென்ட், 50 வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட் என வரித்தலை ஒட்ட வேண்டும். அட்டையின் பின்புறம் ஒட்டப்பட்டு, மையால் அடிக்கப்பட்ட அந்தச் சிறு தாள் இரண்டு செய்திகளைத் தருகிறது: படம் விற்கப்பட்ட காலம், அது எந்த விலைவரம்பில் விற்கப்பட்டது. முகப்பை மட்டும் மின்படியாக்கும் சேகரங்கள் இச்சான்றை இழக்கின்றன. உருவப்பட வணிகத்தின் வரலாறு பெரும்பாலும் படத்தின் முதுகில்தான் எழுதப்பட்டுள்ளது.

உருப்பெருக்கிக் கண்ணாடி

தமிழில் ‘படம் எடுத்துக்கொண்டேன்’ என்கிறோம். கருவியைத் தொடாதவர், முன்னால் அமர்ந்தவர், இப்படிச் சொல்கிறார். ‘கொள்’ என்ற துணைவினை, செயலின் பயன் தமக்கே என்பதைக் காட்டுகிறது. எடுத்தவர், எடுப்பித்தவர், எடுத்துக்கொண்டவர் என்ற மூவரும் உடன்பட்டு நிகழ்வதே உருவப்படம். உருவப்பட நிலையத்தின் முழு வணிகமும் இந்த மூன்றாமவரின் விருப்பத்தின்மேல் நிற்கிறது. போர் தொடங்கியபோது களத்திற்குச் செல்லவிருந்த வீரர்கள் நிலையங்களை மொய்த்தனர். அவர்களும் எடுத்துக்கொண்டவர்களே. திரும்பி வருவோமோ என்ற ஐயமே அவர்களை அங்குக் கொண்டுவந்தது. தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று.

1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தில் ஆன்டீட்டம் போர் நடந்தது. கார்டனரும் ஜேம்ஸ் கிப்சனும், புதைக்கப்படாத உடல்கள் கிடந்த களத்தைப் படமெடுத்தனர். அக்டோபரில் அப்படங்கள் பிரேடியின் நியூயார்க் கூடத்தில் ‘ஆன்டீட்டத்தில் மாண்டோர்’ என்ற அறிவிப்புடன் வைக்கப்பட்டன. வேல்ஸ் இளவரசர் இரண்டாண்டு முன்பு வந்து அமர்ந்த, பட்டும் பொன்னும் நிறைந்த நிலையம் அது. நியூயார்க் டைம்ஸ் இதழின் திறனாய்வு புகழ்பெற்றது. பிணங்களைக் கொண்டுவந்து நம் வாயிலில் கிடத்தவில்லையே தவிர, ஏறத்தாழ அதையே பிரேடி செய்துவிட்டார் என்பது அதன் கருத்து. பலரும் எடுத்தாளும் பகுதி இதுவே. ஆனால் அத்திறனாய்வில் இதனினும் கூர்மையான இடம் ஒன்று பின்னர் வருகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் மாண்டவர்களின் முகச்சாயலைக்கூட அடையாளம் காணலாம் என்கிறார் எழுதியவர். படத்தின்மேல் குனிந்து நோக்கும் பெண்களுள் ஒருத்தி தன் கணவனையோ மகனையோ உடன்பிறந்தானையோ அங்குக் கண்டுகொள்ளும் நேரத்தில் அக்கூடத்தில் இருக்கத் தாம் விரும்பவில்லை என்கிறார்.

இந்த வரிகளைப் போரின் கொடுமை பற்றிய இரக்கவுரையாக மட்டும் வாசிப்பது போதாது என்பது என் கருத்து. உருவப்பட நிலையத்தின் அடிப்படை வினை, முகத்தை அடையாளம் காண்பது. அதற்காகவே மக்கள் பணம் கொடுத்தனர். அதற்காகவே சுவரெங்கும் முகங்கள் தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் இருந்தது. ஆன்டீட்டம் படங்களிலும் முகங்கள் உள்ளன. ஆனால் அடியில் பெயரில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டவர்களும் அல்லர். உடன்படவோ மறுக்கவோ இயலாதவர்கள். அதே கூடம், அதே தகட்டு முறை, அதே விற்பனை முறை. மூன்றாமவர் மட்டும் இல்லை. பெயருள்ளோர் முகங்களைப் பார்க்கப் பழகிய கண், அதே பழக்கத்தோடு பெயரற்ற முகத்திலும் ஒரு பெயரைத் தேடுகிறது. திறனாய்வாளர் அஞ்சியது இந்தத் தேடலை. அக்கூடம் ஒரு போர் அருங்காட்சியகமாக இருந்திருந்தால் இந்த அச்சம் இவ்வளவு கூர்மை பெற்றிராது. உருவப்பட நிலையமாக இருந்ததனாலேயே பெற்றது. இப்படங்கள் விலைக்கும் விற்கப்பட்டன என்பதைச் சேர்த்து எண்ணினால் வாசகருக்கு ஏற்படும் உறுத்தல் நியாயமானதே. அதைத் தணிக்கும் விளக்கம் எதையும் பிரேடி ஆய்வுகளில் நான் கண்டதில்லை.

அத்திறனாய்வின் புகழெல்லாம் பிரேடிக்கே சென்றது. களத்தில் நாற்றத்தினிடையே தகடு பூசிய கார்டனர் அதில் இல்லை.

பெயர்களைத் தந்த நூல்

1863இல் கார்டனர் வாஷிங்டனில் தம் சொந்த நிலையத்தைத் திறந்தார். திமோத்தி ஓ’சல்லிவன் முதலியோர் அவருடன் சென்றனர். பிரிவிற்குப் பெயர் உரிமையே காரணம் என்று உறுதியாகச் சொல்வதைவிட, கார்டனர் அடுத்துச் செய்ததைப் பார்ப்பது நல்லது. 1866இல் அவர் வெளியிட்ட ‘போரின் ஒளிப்படக் குறிப்பேடு’ இரண்டு தொகுதிகள், 100 படங்கள், விலை 150 டாலர். ஒவ்வொரு படத்தின் அடியிலும் நெகடிவ் எடுத்தவர் பெயர் ஒருபுறமும், அதைத் தாளில் படியெடுத்தவர் பெயர் ஒருபுறமும் அச்சிடப்பட்டன. நாற்பதுக்கு மேற்பட்டவை ஓ’சல்லிவன் எடுத்தவை. நம் தொகைநூல் குறிப்பின் நேர்மை இதில் இருக்கிறது.

ஆனால் இதை வைத்துக் கார்டனரை நேர்மையின் உருவாகவும் பிரேடியைப் பெயர் கவர்ந்தவராகவும் எதிர்நிறுத்துவது எளிய தீர்ப்பாகிவிடும். அதே நூலில் கெட்டிஸ்பர்க் களத்தில் பாறையிடுக்கில் கிடக்கும் தென்படைக் குறிவீரன் எனக் காட்டப்பட்ட உடல், வேறிடத்திலிருந்து தூக்கிவந்து கிடத்தப்பட்டது என்பதை வில்லியம் ஃபிராசனிட்டோ 1975இல் நிறுவினார். எடுத்தவர் பெயர் சரி. எடுக்கப்பட்டவர் பற்றிய கதை புனைவு. இயற்றுதற் கருத்தாவுக்கு உரிய இடத்தைத் தந்த நூல், செயப்படுபொருளுக்கு அதைத் தரவில்லை. உருவப்பட நிலையத்தில் பயின்ற கை, உடலையும் அமரவைக்கும் வாடிக்கையாளரைப்போல் ‘அமைத்து’ எடுத்தது என்று சொன்னால் கடுமையாக இருக்கலாம். ஆனால் அப்பயிற்சி வேறெங்கும் பெற்றதன்று.

தகடுகளின் பிற்காலம்

போர் முடிந்தபின் அதன் படங்களை வாங்க ஆளில்லை. ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்ததாகப் பிரேடி கூறினார். 1870களின் தொடக்கத்தில் நியூயார்க் தொழில் முறிந்தது. கிடங்கு வாடகை பாக்கிக்காக ஏலத்திற்கு வந்த நெகடிவ்களைப் போர்த்துறை 1874இல் 2,840 டாலருக்கு எடுத்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் அவருக்கு 25,000 டாலர் வழங்கியது. கடன்களுக்கு அது போதவில்லை. 1896 ஜனவரி 15 அன்று நியூயார்க் மருத்துவமனையொன்றில் அவர் இறந்தார். பிரேடியின் வரலாறுகள் இந்த வீழ்ச்சியில் நெடுநேரம் தங்கி உருகுவது வழக்கம். அவரிடம் வேலை பார்த்தவர்களின் முடிவை எழுத அவ்வரலாறுகளுக்கு இடம் போதுவதில்லை.

தகடுகள் பல சேகரங்களுக்குப் பிரிந்தன. மனைவிவழி உறவினரான லெவின் ஹேண்டியிடம் இருந்தவற்றை நாடாளுமன்ற நூலகம் 1954இல் வாங்கியது. மெசெர்வ் தொகுப்பின் 5,400க்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஸ்மித்சோனியன் தேசிய உருவப்படக்கூடம் 1981இல் பெற்றது. இச்சேகரங்களில் ‘பிரேடி நிலையம்’ என்று பொதுவாகக் குறிக்கும் வழக்கம் பரவியிருப்பது வரவேற்கத்தக்கது; ‘பிரேடி’ என்பதைவிட ‘பிரேடி நிலையம்’ உண்மைக்கு அருகில் நிற்கிறது. எனினும் ‘நிலையம்’ என்ற சொல்லும் ஒரு கூட்டுப்பெயர்தான். ஏவியவரை விலக்கிவிட்டு இயற்றியவரையும் சேர்த்து மறைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

அமெரிக்க ஐந்து டாலர் தாளில் நெடுங்காலம் அச்சிடப்பட்ட லிங்கனின் முகம் 1864 பிப்ரவரி 9 அன்று பிரேடியின் வாஷிங்டன் கிளையில் எடுக்கப்பட்ட படத்தை ஒட்டியது. கருவியை இயக்கியவர் அக்கிளையின் அந்தோனி பெர்ஜர். மகன் டாடுடன் லிங்கன் ஏடு ஒன்றைப் பார்த்திருக்கும் படமும் அதே அமர்வைச் சேர்ந்தது. நூற்பட்டியல்களில் பெர்ஜரின் பெயர் இப்போது இடம்பெறுகிறது. அன்று இருட்டறையில் தகட்டைப் பூசி, ஈரம் காயுமுன் அவர் கையில் கொடுத்தவர் யார் என்பதை அப்பட்டியல்கள் சொல்வதில்லை.